மயிலுள்ளான் கேஸ்

உக்காரு அம்மிணி. இப்படி வெறைச்சு நின்னுட்டிருந்தீன்னா அந்தக் குருவி கோரைக்குள்ள போயி ஒளிஞ்சுக்கும், அப்புறம் பொழுதோடதான் வெளிய வரும். இந்தக் கல்லு மேல உக்காரு. பனியில நனைஞ்சு கெடக்குது, இந்தா, துண்டைப் போட்டு உக்காரு. காலைத் தொங்கப் போடாதே, தண்ணியில நெழல் உழுகும். ஆங், அப்படித்தான்.

நானா? நான் படம் புடிக்கற ஆளில்ல. கழுத்துல கேமரா தொங்குதேங்கறியா? தொங்குது. அது எங்கூட்டுக்காரரோடது. தொப்பியும் அவரோடதுதான். என்ற பேரு சாந்தாமணி. ரிட்டயர்டு எஸ்.எஸ்.ஐ., மகளிர் ஸ்டேஷன். அட, எதுக்கு நிமிந்து உக்கார்றே? ரிட்டயர்டுன்னு சொன்னேனில்ல. போலீஸுன்னதும் எல்லாரும் இப்படித்தான் சட்டைப் பித்தானைத் தடவிப் பாக்கறாங்க, என்னமோ அதுதான் குத்தம்ங்கற மாதிரி.

மொதல்ல உங்கிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். போன வருசம் மார்கழி, தை மாசத்துல இந்தக் குளத்துக்கு வந்திருக்கியா? இல்லையா. அதுக்கு முந்தி? அஞ்சரை அடி உசரம், மாநெறம், கட்டம் போட்ட சட்டை, இதே பச்சைத் தொப்பி, இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு. பாத்ததே இல்லையா? நல்லா ரோசிச்சுச் சொல்லு. உன்ற செல்லுலயோ கேமராவுலயோ ஓரமா எங்கயாச்சும் உழுந்திருப்பாரா? சரி வுடு. எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க.

காணாமப் போனவரான்னு கேக்கறியா? இல்ல அம்மிணி. செத்துப் போனவரு. நாளன்னிக்கு வருசம் திரும்புது.

அன்னைக்குக் காத்தால இங்க வந்துட்டுத்தான் ஊட்டுக்கு வந்தாரு. எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தாரு. “சாந்தா, முதுகு புடிச்ச மாதிரி இருக்குது, சித்தெ சாஞ்சுக்கறேன்”னாரு. சாஞ்சாரு. நான் பேப்பர் படிச்சுட்டுக் காப்பி குடிச்சேன். குடிச்சு முடிச்சு, டம்ளரை வாங்கிக்க கையை நீட்டுவாருன்னு நீட்டினேன். வாங்கல. அவ்வளவுதான்.

நான் நாடி புடிச்சுப் பாத்தேன். கண்ணைத் தொறந்து பாத்தேன். எத்தனையோ சாவு பாத்தவ நானு, கை பாட்டுக்கு வேலை பாக்குது. டாக்டருக்குப் போன் பண்ணினேன். பொண்ணுக்குப் பண்ணினேன். அடுப்பை அணைச்சேன். ஒறம்பரைப் பொம்பளைங்க வந்து என்னையக் கட்டிப் புடிச்சு அழுதாங்க, நான் அவங்க முதுகைத் தட்டிக் குடுத்தேன். “போலீஸ்காரிக்குக் கண்ணுல தண்ணி வருமா”ன்னு எங்க நாத்தனா ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில நின்னு சொன்னா. எங்காதுல உழுகோணும்னுதான் சொன்னா. எனக்குக் கோவங்கூட வரல. மரத்துப்போன கையில யாரோ கிள்ளற மாதிரி இருந்துச்சு. இன்னைக்கும் அப்படித்தான் இருக்குது. சாப்பிடறேன், உப்பு போட்டனா இல்லையான்னு தெரியறதில்ல. தூங்கறேன், எந்திரிக்கறேன். கஷ்டமா இருக்குதான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்லோணும். ஒண்ணுமே இல்ல.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா, மாலை போடறதுக்குப் படம் கேட்டாங்க பாரு, அங்கதான்.

ஊட்டுல அலமாரி பூரா ஆல்பந்தான். பொண்ணு தவழ்ந்தது, பல்லு மொளைச்சது, ஸ்கூல்ல அவ்வையார் வேசம் போட்டது, சைக்கிள்ல இருந்து உழுந்து முட்டியில கட்டுப் போட்டது, எல்லாம் இருக்குது. அவரு இல்ல. படம் புடிக்கறவரு படத்துல எப்படி இருப்பாரு? கல்யாணப் படம் ஒண்ணு இருந்துச்சு. அதுல மீசை கூட முழுசா மொளைக்கல, அதை மாட்டினா அவருக்குப் பேரன்னு நெனைப்பாங்க. கடைசியில ஆதார் கார்டுல இருக்கற மூஞ்சியைப் பெரிசு பண்ணி மாட்டினோம். அது எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். எங்க ஸ்டேஷன் போர்டுல தேடப்படும் நபர்னு ஒட்டுவோமே, அதேதான்.

என்ற பொண்ணு பிருந்தா கருமாதியன்னைக்கு அது முன்னாடி நின்னு பாத்தா.

“இது யாரும்மா?”ன்னா.

“உங்கப்பன்தான்.”

“இது எங்கப்பா இல்ல. இத்தனை வருசம் ஒண்ணா இருந்தீங்களே, ஒரே ஒரு படம் அவரை நீங்க எடுத்ததில்லையா?”

“எனக்கு டூட்டி”ன்னேன்.

“தெரியும்மா. உங்களுக்கு எப்பவும் டூட்டிதான்”னா. அப்படியே ஸ்டூல் போட்டு ஏறி, படத்தைக் கழட்டி, மாலையோட செவுத்தைப் பாக்கத் திருப்பி வெச்சுட்டா. “அப்பா படம் ஒண்ணு, அப்பா மாதிரி இருக்கற படம் ஒண்ணு கெடைச்சாச் சொல்லுங்க, வர்றேன். அதுவரைக்கும் அந்த ஆணி சும்மா இருக்கட்டும்”னுட்டு பெங்களூருக்குப் பஸ் ஏறீட்டா. போன்ல பேசுவா. மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா, வெச்சர்றேன். அதோட சரி. ஊட்டுப் படி ஏறல. இருக்கறது ஒரே பொண்ணு அம்மிணி. அவளும் வரலைன்னா அப்புறம் எனக்கு அந்த ஊடு எதுக்கு?

அவளுக்கு அப்பன்னா உசுரு. இருக்கத்தான் செய்யும். அவரு வேலை பாத்த மில்லு மூடினப்ப அவளுக்கு மூணு வயசு. அதுக்கப்புறம் அவரு ஊட்டோடதான் இருந்தாரு, சும்மா. சமைக்கறது, சடை பின்னறது, சைக்கிள்ல வெச்சு ஸ்கூலுக்குக் கூட்டீட்டுப் போறது, வீட்டுப்பாடம் சொல்லிக் குடுக்கறது, காய்ச்சல் வந்தா முழிச்சுட்டு உக்காந்திருக்கறது. வேற வேலை என்ன? சும்மா இருக்கற மனுசனுக்குப் பொழுது போகோணுமில்ல. சம்பாத்தியம் நானு. ஊட்டி, தாராபுரம், சத்தின்னு எங்க மாத்தினாலும் போனேன். தேர் நோம்பின்னா பந்தோபஸ்து, எலெக்சன்னா பந்தோபஸ்து. பொண்ணு பெரிய மனுசியானப்ப நான் பழனியில தைப்பூசக் கூட்டத்துல கயிறு புடிச்சுட்டு நின்னேன். போன் வந்துச்சு. “நீ பதறாதே சாந்தா, பக்கத்தூட்டு அக்காளைக் கூப்பிட்டிருக்கேன், நான் பாத்துக்கறேன்”னாரு. எப்பப் பாரு அவருக்கு அதே பேச்சுதான். நீ போ, நான் பாத்துக்கறேன்.

சரி, கதைக்கு வர்றேன். படம் தேடோணும். ஆளைத் தேடறது எனக்குப் புதுசா? பொண்ணு கல்யாணமானப்புறம் அப்பனுக்கு இந்தக் கேமராவை வாங்கிக் குடுத்தா. அதுல இருந்து அவரு காலம் பூரா இந்தக் குளத்துலதான் போச்சு. கேமராக்காரங்க இத்தனை பேரு வர்ற எடத்துல ஒருத்தர் கூடவா அவரை எடுத்திருக்க மாட்டாங்கன்னு விசாரணைக்கு வந்தேன்.

மொத நாள் வெறுங்கையோட வந்தேன். போலீஸ்காரின்னதும் ஒருத்தரும் வாயைத் தொறக்கல. யாரோ கம்ப்ளெய்ன்ட் குடுத்து வந்திருக்கேன்னு நெனச்சுட்டு நாலு பேரு ஸ்டாண்டை மடக்கீட்டுப் போயே போயிட்டாங்க. அடுத்த நாள் அவரு கேமராவைக் கழுத்துல மாட்டி, தொப்பியைப் போட்டுட்டு வந்தேன். அவங்களா வந்து, “மேடம், அந்தக் கரையில நத்தைகுத்தி நாரை உக்காந்திருக்குது, போய் எடுங்க”ங்கறாங்க. யூனிபாரம் மாதிரிதான் போல கேமராவும்.

கேட்டா எல்லாருக்கும் அவரைத் தெரியுது. “நாச்சிமுத்து சாரா? அட, பொரி உருண்டை கொண்டாந்து எல்லாருக்கும் குடுப்பாரே.” “எனக்கு உள்ளான் வகையெல்லாம் பிரிச்சுச் சொல்லிக் குடுத்ததே அவருதானுங்க மேடம்.” அப்படிங்களா, சந்தோசம், படம் இருக்குதுங்களான்னா முழிக்கறாங்க. செல்லைத் தள்ளித் தள்ளிப் பாக்கறாங்க. கொக்கு, நாரை, நாமக்கோழி, மறுக்காக் கொக்கு. அவரு பக்கத்துல தோளோட தோள் உரச உக்காந்திருந்தவங்கதான் எல்லாரும். அத்தனை லென்சும் தண்ணியைப் பாத்துட்டிருந்திருக்குது.

பல் டாக்டர் ஒருத்தர், கோவர்த்தனன்னு பேரு, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவாரு. நல்ல மனுசன். ஊட்டுக்குப் போயி கம்ப்யூட்டர்ல எல்லாம் தேடி ஒரு படம் கொண்டாந்தாரு. சின்னக் கொக்கு ஒண்ணு மீனைக் கவ்விட்டு நிக்குது. ஓரத்துல கட்டம் போட்ட துணி கொஞ்சம். “மேடம், இந்த முழங்கை சாரோடதுன்னு நெனைக்கறேன்”னாரு. அவரோடதுதான். நான்தான் அந்தச் சட்டையைத் தீவாளிக்கு எடுத்துக் குடுத்தேன். நல்லாப் பாத்துட்டு, “டாக்டர், முழங்கைக்கு மாலை போட முடியுமா?”ன்னு கேட்டேன்.

அதுக்கப்புறமும் வந்துட்டுத்தான் இருக்கேன். புது ஆளுங்க யாராச்சும் வருவாங்களே, இப்ப நீ வந்த மாதிரி. அவங்க வர்ற வரைக்கும் இந்தக் கல்லு மேல உக்காந்திருப்பேன். உக்காந்திருந்தா கண்ணு எங்கயாச்சும் போகோணுமில்ல. அப்பத்தான் இந்தக் கேஸு சிக்குச்சு.

அங்க பாரு, கோரை ரெண்டாப் பிரியுதில்ல, சேறு மினுமினுங்குது பாரு, அங்கதான். ஒரு நாள் காத்தால சாம்பலும் மண்ணுமா ஒண்ணு வெளிய வந்துச்சு. நீட்டு மூக்கு, நாம கண்ணுக்கு மை போட்டு ஓரத்துல இழுத்து வுட்ட மாதிரி ஒரு கோடு, நடக்கறப்பப் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடக்குது. பின்னாலயே பஞ்சு உருட்டி வுட்டாப்புல குஞ்சுக. அது சேத்துல மூக்கை வுட்டுப் புழுவை எடுத்து வெச்சுட்டு நிக்குது, குஞ்சு வந்து கொத்திக்குது. தான் தின்னுச்சான்னா தின்னல. அடுத்த குஞ்சுக்கு எடுக்குது.

சித்தெ நேரங்கழிச்சு இன்னொண்ணு வந்துச்சு. அடேயப்பா, என்ன ஜம்பம்! கழுத்து பூராக் கருஞ்செவப்பு, பட்டுக் கட்டினாப்புல. கண்ணைச் சுத்தி வெள்ளைப் பட்டை, தோள்ல வெள்ளைப் பட்டை. குஞ்சுகளை ஒரு பார்வை பாக்கல. பாட்டுக்கு நடந்து அக்கட்டப் போயிருச்சு. கேமராக்காரங்க எல்லாம் அது பின்னாடியே ஓடறாங்க, மயிலுள்ளான், மயிலுள்ளான்னு.

நான் மகளிர் ஸ்டேஷன்ல எத்தனை வருசம் இருந்தவ? பாத்ததும் கேஸு புரிஞ்சு போச்சு. இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு புள்ளைகளைக் கூட்டீட்டு, வெளுத்த சேலையோட பொம்பளை வந்து பெஞ்சுல உக்காருவா. புருசன்காரன் இஸ்திரி போட்ட சட்டையோட செல்லைப் பாத்துட்டு நிப்பான். தெனமும் பாத்த காட்சி. இங்க அது குருவி, அவ்வளவுதான். அந்தக் கலர்க்காரனை ரெண்டு நாள் நோட்டம் போட்டேன். அக்கரையில இன்னொரு சாம்பக் குருவியோட சுத்தறான். சின்ன ஊடு! நெனச்சேன், அப்படியே இருக்குது.

ஒரு நாள் நாய் ஒண்ணு மோந்துட்டே சேத்துக்குள்ள எறங்குச்சு. நான் எந்திரிக்கறதுக்குள்ள அந்தச் சாம்பக்குருவி, இத்தனூண்டு உடம்பு, ரெக்கை ரெண்டையும் விரிச்சு நாய்க்கு நேரா நின்னுச்சு பாரு! விரிச்சப்பத்தான் தெரியுது, ரெக்கை பூராப் பொன்னுல பொட்டு வெச்சாப்புல வட்டம் வட்டமா. மடக்கி வெச்சிருந்தா ஒண்ணுமே தெரியாது, வெறும் மண்ணுக் கலரு. சீறுது. நாயி அப்படியே நின்னு, பின்னால நகந்து, போயிருச்சு. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. என்ன இருந்தாலும் இந்தத் தகிரியம் பெத்தவளுக்குத்தான் வரும்னு நெனச்சுக்கிட்டேன். அன்னைக்குத்தான் மொதமொதல்ல இந்தக் கேமராவுல பித்தானை அமுக்கினேன்.

போன ஞாயித்துக்கிழமை அந்தக் கலர்க்காரன் மறுக்கா இந்தப் பக்கம் வந்தான். குஞ்சுக பக்கத்துலயே போறான், திரும்பிப் பாக்கல. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ கோவம், ஒரு வருசமா எதுக்கும் வராத கோவம். மண்ணாங்கட்டி ஒண்ணை எடுத்து வீசினேன். “உனக்கெல்லாம் குடும்பம் ஒரு கேடா?”ன்னு கத்திட்டேன். மேல படல. பறந்துருச்சு.

டாக்டர் ஓடி வந்தாரு. “மேடம், மேடம், பறவையைத் தொந்தரவு பண்ணக்கூடாதுங்க.”

“பின்ன என்ன டாக்டர், புள்ளைகளை இவ தலையில கட்டிட்டு அவன் மினுக்கீட்டுத் திரியறான்”னேன்.

டாக்டர் சிரிச்சாரு. என்ற மூஞ்சியைப் பாத்துட்டு நிறுத்தீட்டாரு. “மேடம், நீங்க அடிச்சது பொண்ணுங்க. இந்தச் சாதியில பொட்டைதான் கலரா இருக்கும். அது முட்டை வெச்சுட்டுப் போயிரும். அடை காக்கறது, குஞ்சு வளக்கறதெல்லாம் சேவல்தான்.”

நான் நம்பல. “அந்தப் புழு எடுத்துக் குடுக்குதே?”ன்னேன்.

“அப்பன்தானுங்க.”

“நாயை மொறைச்சுட்டு நின்னுச்சே?”

“அதுவும் அப்பன்தானுங்க மேடம்.”

எத்தனை அடையாள அணிவகுப்பு நடத்தியிருக்கேன் நானு. ஆணு எது, பொண்ணு எதுன்னு தெரியாம இத்தனை நாள் உக்காந்திருந்திருக்கேன். சரி, தெரியாதது குத்தமில்ல, குருவி நமக்குப் புதுசு. ஆனா டாக்டர் அந்தக் கலர்ப் பொட்டையைச் சொன்ன தோரணை எனக்குப் புடிக்கல. முட்டை வெச்சுட்டுப் போயிரும்னு பொசுக்குன்னு சொல்லீட்டாரு. “டாக்டர், அப்படிப் பொத்தாம்பொதுவாச் சொல்லக்கூடாது. அதுக்கு என்ன கட்டாயமோ. போகோணும்னு ஆசைப்பட்டா போகுது? போன்னு சொன்னா போய்த்தான் ஆகோணும்”னேன்.

“சரிங்க மேடம்”னாரு.

“குஞ்சுக மேல அதுக்குப் பாசமில்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா? திரும்பிப் பாத்தா கால் நகராதுன்னுதான் பாக்காம போகுதோ என்னமோ.”

“நான் ஒண்ணும் சொல்லலைங்க மேடம்”னாரு. சுத்தி நின்னவங்க எல்லாம் கேமராவைத் தாழ்த்திட்டு என்னையே பாத்தாங்க. ஒரு குருவிக்கு எதுக்கு அவ்வளவு சத்தம் போட்டேன்னு எனக்கே தெரியல.

கெளம்பறப்ப டாக்டர் வந்து மெதுவாச் சொன்னாரு, “நாச்சி சார் கடைசி சீசன் பூரா இதே எடத்துலதானுங்க உக்காந்திருந்தாரு. வேற எதையும் எடுக்கல. இதே மாதிரி ஒரு அப்பனையும் குஞ்சுகளையுந்தான்.”

ஊட்டுக்குப் போயி அவரு கேமரா கார்டை எல்லாம் மறுக்காப் போட்டுப் பாத்தேன். மொதல்ல பாத்தப்ப நான் மனுசனைத் தேடினேன், குருவி வந்தாத் தள்ளி வுட்டுட்டேன். இந்த வாட்டி குருவியைப் பாத்தேன். அந்தச் சாம்பக்காரன் குஞ்சுகளை ரெக்கைக்குள்ள அணைச்சுட்டு நிக்கறான். மழையில நிக்கறான். ஒண்ணு மட்டும் பின்தங்கிப் போச்சு போல, திரும்பிப் பாத்துட்டு நிக்கறான். கலர்க்காரியையும் எடுத்திருக்காரு. அவ எல்லாப் படத்துலயும் போயிட்டிருக்கறா. முதுகுதான் தெரியுது.

பாத்துட்டிருக்கறப்ப என்னமோ தோணி ஆல்பத்தை எல்லாம் எடுத்துப் பொரட்டினேன். அதுல நானும் இருக்கேன் அம்மிணி, நெறைய இருக்கேன். காக்கியில கேட்டைத் தொறந்துட்டுப் போறேன். வண்டியைத் திருப்பறேன். பொட்டியைத் தூக்கிட்டு பஸ் ஏறறேன். எல்லாம் முதுகு. ஒண்ணுல கூட மூஞ்சி இல்ல. முன்னால நின்னு எடுத்தா நான் நேரமாச்சுன்னு சத்தம் போடுவேன்னு பயந்துட்டாரு போல. முதுகை எடுத்து எதுக்கு ஒட்டி வெச்சாருன்னு தெரியல.

ஒருக்கா, நான் ரிட்டயர் ஆனப்புறம், இந்தக் கேமராவைத் தூக்கிட்டு வந்து, “சாந்தா, இங்க பாரேன், இந்தக் குருவிகிட்ட ஒரு வேடிக்கை இருக்குது”ன்னாரு. நான் டிவியில நியூஸ் பாத்துட்டிருந்தேன். “கொக்குதான”ன்னேன். சிரிச்சாரு. “இப்ப வேண்டாம், ஒரு நாள் என்னோட குளத்துக்கு வா, அங்க வெச்சுச் சொல்றேன்”னாரு. நான் வரல. அவரும் சொல்லல. டாக்டர் சொன்னதுதான் அந்த வேடிக்கையா இருக்குமோன்னு ரோசிச்சுப் பாத்தேன். இருக்காது. அதுல என்ன வேடிக்கை இருக்குது?

நேத்துப் பொழுதோட பிருந்தா போன் பண்ணினா. மாத்திரை கேக்கல, சாப்பாடு கேக்கல. நேரா, “படம் கெடைச்சுதாம்மா?”ன்னா.

கெடைச்சுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துருவா. வந்தப்புறம் பாத்துக்கலாம். எத்தனை கள்ளனைப் பொய் சொல்லி வரவெச்சுப் புடிச்சிருக்கேன். வாய் வரல. “இல்ல கண்ணு, எங்கயும் இல்ல”ன்னேன். வெச்சிரப் போறான்னு நெனச்சு, என்ன பேசறோம்னே தெரியாம, “படம் இல்ல, ஆனா நீ வா. குளத்துல உனக்கு ஒண்ணு காட்டோணும்”னேன்.

“குளத்துலயா? நீங்க குளத்துக்குப் போறீங்களா?”ன்னா.

“தெனமும் போறேன். அங்க ஒரு மயிலுள்ளான் இருக்குது. ஆத்தாக்காரி போயிட்டா. அப்பன் ஒத்தை ஆளா நின்னு குஞ்சுகளை வளக்குது. புழு எடுத்து ஊட்டுது, நாய் வந்தா ரெக்கையை விரிச்சுட்டு முன்னால நிக்குது. உங்கப்பா கடைசியா அதைத்தான் எடுத்திருக்காரு”ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஓன்னு அழுதுட்டா அம்மிணி. சின்னப் புள்ளையில அவ அழுது நான் கேட்டதில்ல, அவரு பாத்துக்குவாரு. எனக்கு எப்படிச் சமாதானம் பண்றதுன்னு தெரியல. குருவிக்குப் போயி இப்படி அழுவாங்களா? செல்லைக் காதுல வெச்சுட்டே நின்னேன். நான் வெச்சுருவேன்னு நெனச்சாளோ என்னமோ, “வெச்சராதீங்கம்மா”ன்னா. வெக்கல. பொழுது உழுந்து ஊடு இருட்டாச்சு, லைட்டுக் கூடப் போடல, அப்படியே நின்னேன். கடைசியில மூக்கை உறிஞ்சிட்டு, “நாளைக்கு பஸ் ஏறறேன்மா. என்னைய அங்க கூட்டீட்டுப் போங்க”ன்னா.

இன்னைக்கு ஏறுவா. வந்து செவுத்தைப் பாப்பா, ஆணி சும்மாதான் இருக்கும். திட்டுவா. திட்டட்டும், வந்து திட்டட்டும். அவ வர்ற வரைக்கும் இந்தக் குருவி எடத்தை மாத்தாம இருக்கோணும்னுதான் இப்பக் காவலுக்கு உக்காந்திருக்கேன். என்ற சர்வீஸுல பாத்த பந்தோபஸ்துலயே இதுதான்...

ஸ்ஸ். பேசாதே. கோரை அசையுது பாரு. இல்ல, அங்க இல்ல, அந்தச் செத்தைக்கு இடது கைப்பக்கம். வந்துட்டாரு. பின்னாலயே குஞ்சுக. எல்லாம் இருக்குது, ஒண்ணும் கொறையல. குளிருது போல. பாரு, பாரு, ரெக்கையைத் தூக்கறாரு, எல்லாம் உள்ள போகுது. குச்சிக் காலுக மட்டும் வெளிய தெரியுது. எடு அம்மிணி, சீக்கிரம் எடு, வெயில் இப்பத்தான் அவரு மேல உழுகுது, இதைவிட நல்லா அமையாது.

என்ன, கேமரா சத்தம் இந்தப் பக்கம் கேக்குது? எதுக்குக் கேமராவை இங்க திருப்பறே? பறவை அங்க இருக்குது. இதுக்கா இத்தனை தூரம் வந்து பனியில உக்காந்தே? என்ற மூஞ்சியில என்ன இருக்குது, திரும்பு அந்தப் பக்கம், அது உள்ள போயிரப் போகுது.

சொன்னாக் கேக்க மாட்டியா?

சரி. சித்தெ இரு. எடுக்கறதுன்னா ஒழுங்கா எடு. தொப்பியைச் சரி பண்ணிக்கறேன், தொப்பி நல்லாத் தெரியோணும். சிரிக்கச் சொல்லாதே, அது எனக்கு வராது. ஓரமா நிக்காதே, இப்படி நேரா முன்னால வா. முதுகு ஊட்டுல நெறைய இருக்குது. பிருந்தாவுக்கு மூஞ்சி ஒண்ணு வேணும்.